பாவனையின் பாவனை

பாவனை என்னும் சொல்லை ஈழத்துத் தமிழராகிய நாம் வழங்கும் முறை தமிழகத்தார்க்குச் சற்று வியப்பளிப்பதாகும். அவர்கள் பாவனை என்றால், ஒன்றைப் போல மற்றொன்று நடித்தல் என்றோ உள்ளத்தில் ஒன்றைக் கற்பித்துக் கொள்ளுதல் என்றோ பொருள் கொள்வர். நாமோ பயன்படுத்துதல் என்னும் பொருளிலேயே அதனைப் பெரிதும் ஆளுகின்றோம். நீர்ப்பாவனை என்கின்றோம், மின்பாவனை என்கின்றோம், கடையிற் பொருள் வாங்குபவனைப் பாவனையாளன் என்கின்றோம். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று காணாமல் கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாக வாழ்ந்து வந்தன. அண்மையில் ஒருநாள் மாலை அவை இரண்டும் ஒருங்கே என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தன.

அவற்றை அழைத்து வந்தவன் என்னிடம் தமிழ் படித்த பழைய மாணவன் ஒருவன். இலக்கணத்தில் அவனுக்கு ஒருபோதும் நாட்டம் இருந்ததில்லை, கணக்கிற் புலி. பொறியியல் கற்று ஊர் திரும்பியிருக்கின்றான். யானோ கீழைத்தேயக் கல்லூரியொன்றில் நூற்பாக்களோடு காலங் கழிப்பவன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் தாயார் குடியிருக்கும் மண்வீடு தளர்ந்து விட்டது. அவ்வளவிலேயே, மின்சாரம் மிகக் குறைவாகவே வேண்டுகின்ற ஒரு சிறு வீடு கட்டலாம் என்பது எங்கள் எண்ணம். மாணவன் அதன் வரைபடத்தைக் கணினியில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தான்.

“ஐயா, இந்த வீட்டுக்கு மாதம் 58 அலகு மின்சாரம் போகும். கூரைக்குச் சீற்றுப் போட்டு, வெக்கை தாங்காமல் படுக்கையறைக்கு ஒரு குளிரூட்டியும் வைத்தால் 160 வரும்,” என்றான்.

அத்திவாரக் குழிகூட வெட்டப்படாத வீடு. அதற்கு மின்பட்டியல் வந்து விட்டது! 2022 ஆம் ஆண்டு ஆவணியில் நூற்றுக்கு 75 என்ற அளவிலும், 2023 மாசியில் நூற்றுக்கு 66 என்ற அளவிலும் மின்கட்டணம் ஏறியதைக் கண்டவர்கள் நாம். அலகு ஏற ஏற விகிதமும் ஏறுகின்ற கட்டண முறையிலே, 58க்கும் 160க்கும் இடையிலுள்ள தொலைவு ஓய்வூதியத்தை எதிர்நோக்கியிருக்கும் ஓர் ஆசிரியனுக்குச் சிறிதன்று. “இது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “பாவனை செய்து பார்த்தேன் ஐயா,” என்றான். மின்பாவனையைப் பாவனை செய்து பார்த்தல்! இலக்கணத்தில் நாட்டமில்லாத மாணவன் ஒரே தொடரில் இரு நாட்டுத் தமிழையும் புணர்த்தி விட்டான். அன்று தொட்டு இவ்விடயம் என் சிந்தையை விட்டகலவில்லை. இப்பாவனை மெய்யா, பொய்யா? இதனை நம்பி வீடு கட்டலாமா? அதனினும் பெரிய வினா: பல்லாயிரம் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போர் இதனை நம்பலாமா?

கணினி செய்யும் காரியம் மந்திரமன்று. பொறுமையுள்ள ஒரு கணக்கப்பிள்ளையின் வேலை. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் வெயில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு விழுகின்றது, கூரை எவ்வளவு வெப்பத்தை வாங்கி எவ்வளவை உள்ளே விடுகின்றது, சுவர் எவ்வளவைச் சேமித்து வைத்து எத்தனை மணிக்குப் பின் திருப்பிக் கொடுக்கின்றது, பலகணி வழியாக எவ்வளவு காற்றுப் புகுகின்றது, உள்ளே இருக்கும் மனிதரும் விளக்கும் அடுப்பும் எவ்வளவு வெப்பம் தருகின்றன என்றெல்லாம் வரவு செலவு எழுதி, ஐந்தொகை போடுவதே அதன் தொழில். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் சுமார் 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றான். அதுவும் கணக்கில் ஏறும். எனர்ஜிபிளஸ் என்னும் கணிப்பு முறையை அமெரிக்க அரசின் எரிசக்தித் திணைக்களம் 2001 இல் வெளியிட்டது. எவரும் விலையின்றிப் பெறலாம். என் மாணவன் பயன்படுத்தியதும் அதுவே.

இக்கலை பிறந்து வளர்ந்தது குளிர்நாடுகளில். செருமனியின் தார்ம்சுதாத் நகரில் 1991 இல் ஒரு வீட்டு வரிசை கட்டப்பட்டது. தடித்த காப்பும், காற்றுக் கசியாத மூட்டுகளும் உடைய அவ்வீடுகளில் இருந்து ஒரு கொள்கை பிறந்தது: ஒரு சதுர மீற்றர்த் தளத்திற்கு ஆண்டொன்றுக்கு 15 அலகுக்கு மேல் வெப்பமூட்டச் செலவாகாத வீடே சிறந்த வீடு. அதனை முன்கூட்டியே கணித்தறிதற்கு 1998 இல் ஒரு கணக்கேடும் வகுத்தனர். குளிரை வெளியே நிறுத்துவதே அவர்தம் கவலை. நமக்கோ குளிர் ஒரு பொருட்டன்று. மார்கழி வாடைக்கு ஒரு போர்வை போதும். நம் பகை வெயில். அதனினும் கொடிய பகை புழுக்கம். ஆகவே அவர்கள் கணக்கை அப்படியே இங்கே இறக்குதல், பனிச்சப்பாத்தை வாங்கி வாவியில் இறால் பிடிக்கப் போவதை ஒக்கும்.

ஆயினும் கணக்கு என்பது பொதுவானது. பெய்கின்ற பண்டம் வேறாயின் விளைகின்ற பண்டமும் வேறாகும். தவறு பெய்வதிலே நேர்கின்றது. இதனை எனக்கு உணர்த்தியது நம் ஊர்க் காற்று.

மட்டக்களப்பு மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்பவர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று வகுத்து, எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் எந்த வயல் வேலை நடக்கும் என்று அறிந்தவர்கள். இவற்றுள் கச்சான் தனிப் பிறவி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்து, வறண்டு, மலைக்கு இப்பாற் கீழிறங்கும்போது அமுக்கத்தால் வெம்மையேறி நம்மீது பாய்கின்றது. ஆனி ஆடி மாதங்களில் அது வலுக்குமாயின் கடற்காற்றைக் கரைக்கு வரவொட்டாமல் தள்ளி விடும். அந்நாட்களில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுதலும் உண்டு. உலக வானிலையாளர் தம் கலைச்சொல் அகராதியிலே இக்காற்றைக் கச்சான் என்ற நம் சொல்லாலேயே குறித்து, மட்டக்களப்பையும் பெயர் சொல்லி எழுதியிருக்கின்றனர். வேற்று மொழியகராதிக்குள் நம் சொல்லொன்று வெப்பத்தாற் புகுந்தது என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

“உன் கணினியில் கச்சான் இருக்கின்றதா?” என்று மாணவனைக் கேட்டேன்.

அவன் வானிலைக் கோப்பைத் திறந்தான். இத்தகைய கோப்பு ஏதேனும் ஓர் ஆண்டின் உண்மை வரலாறு அன்று. பல ஆண்டுகளை அடுக்கி வைத்து, அவற்றுள் மிகப் பொதுவானதாகத் தோன்றும் ஒரு தையை ஓராண்டிலிருந்தும், ஒரு மாசியை மற்றோராண்டிலிருந்தும் பொறுக்கித் தைத்த ஓர் ஒட்டு ஆண்டு. எந்த ஆண்டும் அப்படி நிகழ்ந்ததில்லை. ஆனால் எல்லா ஆண்டுகளின் சாயலும் அதில் உண்டு. ஆண்டு முழுவதற்கும் மின்செலவு கூட்டுதற்கு இது நல்ல முறையே. ஆனிக் கோப்பில் கச்சான் இருக்கத்தான் செய்தது. பல்லுப் பிடுங்கிய பாம்பைப் போல இருந்தது. நடுத்தரமானதைத் தெரிந்தெடுக்கும் முறையிலே கொடியது கழிந்து போவது இயல்பு. ஆனால் ஒரு வீடு தன் குடியைக் காக்கின்றதா கைவிடுகின்றதா என்பது நடுத்தரமான நாளிலா தெரியும்? கிழவியும் குழந்தையும் தவிக்கின்ற அந்தப் பத்து நாளிலன்றோ தெரியும்!

இன்னொன்றும் கண்டோம். வெப்பநாட்டு வீட்டுக்குக் காற்றோட்டமே உயிர் என்று நூல்கள் யாவும் ஓதுகின்றன. மக்ஸ்வெல் பிறை, ஜேன் துறூ என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் இருவர் 1956 இல் ஈர வெப்பநாட்டுக் கட்டடக்கலை பற்றி எழுதிய நூல் முதலாக இக்கருத்து வேரூன்றி விட்டது. புழுக்கமுள்ள புரட்டாதிக்கு அது மெத்தச் சரி. கச்சானுக்கு அது தவறு. தோலின் வெம்மை சுமார் 35 பாகை. வெளிக்காற்றோ 38 பாகை. அப்போது பலகணியைத் திறந்து வைப்பது அடுப்பின் வாயைத் திறந்து வைப்பதாகும். நம் முன்னோர் கச்சான் நாளிற் பகல் முழுவதும் மேற்குக் கதவைச் சாத்தி, நிலத்திற்கு நீர் தெளித்து, பொழுது சாய்ந்த பின்னரே திறந்தனர். தடித்த மண்சுவர் அக்காலத்துக்கு உற்ற துணை. அதே மண்சுவர் புழுக்க காலத்து இரவிலே, பகலில் வாங்கிய கடனை வட்டியோடு திருப்பித் தரும். அதனாலேயே எல்லோரும் பாயைச் சுருட்டிக் கொண்டு திண்ணைக்கும் முற்றத்துக்கும் போயினர். பழைய வீடு குறைவற்ற வீடு என்று பாடுவோர் அதனுள் ஐப்பசி இரவிலே கதவடைத்துப் படுத்துப் பார்த்தவரல்லர். பாட்டி வீட்டைப் போற்றி எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகி விட்டது; யானும் எழுதியிருக்கின்றேன். ஆனால் 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியில், எங்கள் கிடுகுக் கூரை எந்தத் திசைக்குப் போயிற்று என்பதுகூடத் தெரியாமல், என்னை மடியிலிட்டுக் கொண்டு நனைந்திருந்த என் தாயார் கிடுகைப் பற்றி ஒரு பாட்டும் பாடியதில்லை. பேய்க்காற்றிலே கிடுகை இழந்த மக்கள் ஓட்டையும் சீற்றையும் நாடியது அறியாமையன்று.

இனிக் கூரையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் உட்பட்ட இடம். பங்குனி கழியும் தறுவாயிலும் ஆவணி நடுவிலும் ஞாயிறு நண்பகலில் நம் உச்சிக்கு நேரே நிற்கின்றது. இடைப்பட்ட மாதங்களில் வடபால் ஒதுங்கி நிற்கின்றது. ஆகவே ஆனி மாதத்து நண்பகல் வெயில் இங்கே வடக்குச் சுவரில் விழும். தெற்கே பலகணி வைத்து வெயிலை வாங்கு, வடக்கே சுவரை மூடு என்னும் ஐரோப்பிய விதி இவ்விடத்துத் தலைகீழாகின்றது. நெடுநல்வாடையிலே நக்கீரர், அரண்மனைக்கு மனையடி வகுப்போர் இரு கோல் நாட்டி, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலிலே திசை குறித்ததைக் கூறுகின்றார். தென்காற்று வருவதற்கென்று சாளரம் அமைந்த வேனிற்பள்ளியைப் பற்றியும், வாடைக் காலத்தில் அது பயனின்றிக் கிடப்பதைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. பருவத்துக்கேற்பப் படுக்கையிடம் மாறும் வீடு என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. அரசர்க்கு அது கிடைத்தது. குடிகளுக்குத் திண்ணையும் மரநிழலும் கிடைத்தன.

உச்சி வெயில் நாட்டில் சுவரினும் கூரையே பெரிது. நண்பகல் வெயிலிற் காய்ந்த தகரத்தின் மேனி 60 பாகையைத் தாண்டுதல் அரிதன்று. அதன் கீழே இருப்பவன் காற்றால் மட்டும் சுடப்படுவதில்லை. தலைக்கு மேலே ஒரு பெரிய தோசைக்கல்லின் கதிர்வீச்சால் சுடப்படுகின்றான். மின்விசிறி அவனுக்குக் காற்றைத் தரலாம். கதிரைத் தடுக்க இயலாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்து ஹல்வத்துர, ஜயசிங்க என்போர் வெப்பநாட்டில் காப்பிட்ட கொங்கிறீற்றுக் கூரைத் தளம் எவ்வாறு நடந்து கொள்ளும் என்பதை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டனர். கூரைக்கு ஒரு காப்பு இட்டாலே வீட்டின் தன்மை மாறுமென்பதை நம் நாட்டு ஆய்வே காட்டியிருக்கின்றது. நாம் செருமனிக்குப் போக வேண்டுவதில்லை.

ஆனால் நடைமுறையிலே நிகழ்வது யாது? வீடு அடியிலிருந்து மேலே எழுகின்றது. போருக்குப் பின் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு நன்கொடை வழங்கியது. அவற்றுள் 46,000 வடக்கிலும் கிழக்கிலும். குடும்பமொன்றுக்கு 5,50,000 ரூபா. தவணை தவணையாகக் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டிக் கொள்ளும் நல்ல முறை. தம் வீட்டைத் தாமே கட்டிக் கொண்டோம் என்ற மதிப்பு அக்குடும்பங்களுக்கு வாய்த்தது. அதனைக் குறை கூறேன். ஆனால் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கல்லும் சீமெந்தும் மணலும் வாங்கிய பின், கை வறளும் இடம் எது? கூரை! எந்தத் திட்டமாயினும் ஏழை வீட்டின் இயல்பு இது. வெப்பம் முதலில் நுழையும் இடத்துக்குப் பணம் கடைசியாகச் செல்கின்றது.

2016 ஆம் ஆண்டளவில் எழுந்த இரும்பு வீட்டு விவாதத்தை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கு கிழக்கில் 65,000 வீடுகளை உருக்கால் முன்னரே செய்து கொண்டு வந்து பொருத்துவதென அரசு திட்டமிட்டது. ஆர்சலர் மித்தல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம் அதற்குத் தெரிவாயிற்று. முதலிற் சொல்லப்பட்ட விலை வீடொன்றுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. யாழ்ப்பாணப் பகுதியில் மாதிரி வீடுகளும் நிறுத்திக் காட்டினர். இவ்வெப்ப நிலத்துக்கு இது பொருந்துமா, உப்புக்காற்றில் எத்தனை காலம் நிற்கும், அதே பணத்தில் எத்தனை கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வினவினர். 65,000 என்ற அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. யானும் அக்காலத்தில் எதிர்த்தவனே. கூட்டமொன்றில் மேசையைத் தட்டிப் பேசியவனே. இன்று எண்ணிப் பார்க்கின்றேன். எதிர்த்தது சரி, எதை வைத்து எதிர்த்தேன்? இரும்பு சுடும் என்ற பொது அறிவை வைத்து. வாதம் பெரும்பாலும் விலையைப் பற்றியும் உறுதியைப் பற்றியுமே நடந்தது. இந்த வீட்டிலே ஆனி மாதம் நண்பகல் இரண்டு மணிக்கு எத்தனை பாகை இருக்கும், அதைத் தணிக்க மாதம் எத்தனை அலகு செல்லும், அப்பணம் யாருடைய பையிலிருந்து போகும் என்ற கேள்வி மேடைக்கு வரவில்லை. வந்திருந்தால் நாம் பரிந்து பேசிய கல்வீட்டின் சீற்றுக் கூரையையும் அதே தராசிலே நிறுத்திருக்க வேண்டும். அது நமக்கும் வசதியாக இருந்திராது.

ஆகவே கணிப்பை யான் வரவேற்கின்றேன். கணினிக் கணக்கெல்லாம் மேனாட்டார் மாயம் என்று கையை உதறுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மாணவனின் 58 என்ற எண்ணை வேதவாக்காகவும் கொள்ளேன். என்னை? அவ்வெண்ணுக்குள்ளே என் தாயார் இருக்கின்றார். கணினி படைத்த தாயார்.

அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ருவின் றிவர்சு என்னும் இடத்திலே 1970களில் பிறின்சுதன் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வரிசை வீடுகள். ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே வானம். எனினும் ஒரு வீட்டின் எரிபொருட் செலவு மற்றொரு வீட்டினதைப் போல இரு மடங்காக இருந்தது. குடியிருந்தோர் மாறிப் புதியவர் வந்தால், அதே வீட்டின் செலவும் மாறியது. ஒவ்வொரு நாளும் உங்கள் செலவு இவ்வளவு என்று அறிவித்தபோது சிலர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தும் விட்டனர். வீடு மின்சாரம் உண்பதில்லை, வீட்டார் உண்கின்றனர். இதனைக் கண்டறிதற்குப் பெரும் பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த எவளும் இதனைக் கேட்டால் சிரிப்பாள்.

என் மாணவனின் கோப்பில் என் தாயார் காலை ஆறு மணிக்கு எழுகின்றார். எட்டு மணி முதல் மாலை வரை கூடத்தில் இருக்கின்றார். கூடத்து மின்விசிறி சுழல்கின்றது. இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையறைக்குச் செல்கின்றார். நடந்தது நாம் அறிவோம். விடியுமுன்னே எழுந்து முற்றம் கூட்டுவார். பகலெல்லாம் வேம்பின் கீழே கிடுகு பின்னிக் கொண்டோ, பயற்றங்காய் உடைத்துக் கொண்டோ, போவோர் வருவோரை விசாரித்துக் கொண்டோ இருப்பார். மின்விசிறிக் காற்று உடம்புக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. மறுபுறம், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் எல்லா அறையிலும் எல்லா விசிறியும் இரவு பகலாகச் சுழலும். 58 என்ற எண் இவ்விரண்டில் எதற்கும் பொருந்தாது, நடுவிலே நிற்கும்.

மனிதனுக்கு எவ்வளவு வெப்பம் இதமானது என்பதிலும் இதே சிக்கல் உண்டு. தென்மார்க்கு நாட்டு ஃபாங்கர் என்பார் 1970 இல் இதனை ஒரு சூத்திரமாக்கினார். காற்றின் வெப்பம், சூழ்பொருள்களின் கதிர், ஈரம், காற்றின் வேகம், உடுத்திருக்கும் உடை, செய்யும் வேலை ஆகிய ஆறும் அதில் அடங்கும். மூடிய ஆய்வறையில் மாணாக்கரை இருத்திப் பெற்ற விளைவுகளை அடிப்படையாகக் கொண்டது அது. அருமையான சூத்திரம்; ஆனால் ஆய்வறையில் இருப்பவன் பாயைச் சுருட்டிக் கொண்டு முற்றத்துக்குப் போக இயலாது. மக்கள் தாம் வாழும் வெளிச்சூழலுக்கேற்பத் தம் இதத்தை மாற்றிக் கொள்கின்றனர் என்று ஹம்ஃபிரீசு, நிக்கல் முதலியோர் வாதித்தனர். 1998 இல் த டியர், பிறேகர் என்னும் இருவர் பல நாட்டு அளவைகளைத் தொகுத்து அக்கொள்கைக்கு வலுவூட்டினர். எந்தக் கொள்கையைக் கணினிக்குள் வைக்கின்றோமோ அதற்கேற்ப ஒரே வீடு குளிரூட்டி வேண்டும் வீடாகவும் வேண்டாத வீடாகவும் தோன்றும். இது சிறு விடயமன்று. 160க்கும் 58க்கும் இடையிலுள்ள சண்டையின் பாதி இதுதான்.

சட்டமோ இதில் நமக்குத் துணையாக இன்னும் வந்து சேரவில்லை. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2008 இல் வெளியிட்ட கட்டடக் கோவை பெருங் கட்டடங்களையே முதன்மையாகக் கருதியது. இந்தியா 2018 இல் வீடுகளுக்கென்று தனிக் கோவை வகுத்து, சுவர் வழியாக நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீற்றருக்கு 15 உவாற்று என எல்லையும் இட்டது. ஆனால் 500 சதுர மீற்றரினும் சிறிய மனைகள் அதற்குப் புறம்பானவை. எவனுடைய கூரை மிகவும் சுடுகின்றதோ அவனுக்கே கணக்கு இல்லை.

கணக்கு எப்போது மெய்யாகும் என்பதற்கு எனக்கு இவ்வாவிக்கரையிலேயே ஒரு முன்னோர் உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. ஒழிந்து போன யாழை எவரும் கண்டதில்லை, கேட்டதில்லை. நூல்களிற் சிதறிக் கிடந்த குறிப்புகளை வைத்துக் கொண்டு நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணித்து, இல்லாத கருவியை ஏட்டிலே பாவனை செய்தார். அவ்வளவோடு நின்றாரோ? 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியபோது, அவர் கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே வந்தன. க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை இசைத்துக் காட்டினார். ஏட்டிலிருந்த எண் செவிக்கு வந்தது. அரங்கேற்றம் என்பது அதுவே. நூலை எழுதியவன் மட்டும் படித்துத் தலையசைப்பது அரங்கேற்றமாகாது.

வீட்டுக் கணக்குக்கும் அப்படியோர் அரங்கேற்றம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. இனி நம் மாவட்டத்தில் எந்த வீட்டுத்திட்டம் வந்தாலும், அரசு தந்தாலும் அயல்நாடு தந்தாலும், வரைபடத்தோடு கணிப்பையும் தமிழிலே எழுதித் தரட்டும். எந்தக் காற்றை வைத்துக் கணித்தீர், எத்தனை பேர் குடியிருப்பதாகக் கொண்டீர், பகலில் அவர்கள் எங்கே இருப்பதாக எண்ணினீர் என்பன அதில் இருக்கட்டும். கட்டி முடித்துக் குடிபுகுந்த பின், ஒரு கச்சானும் ஒரு வாடையும் கழியும்வரை சில வீடுகளிலாவது வெப்பமானி தொங்கட்டும். மின்மானியைப் பார்த்து எழுதட்டும். எண்ணும் எண்ணும் ஒவ்வாவிடின், அடுத்த நூறு வீட்டுக்காவது அது பயன்படும். இதற்கு வல்லுநர் படை வேண்டியதில்லை. படுவான்கரைப் பள்ளிகளில் விஞ்ஞான ஆசிரியரும் மாணவரும் இருக்கின்றனர். ஒரு வெப்பமானியின் விலை ஒரு சீற்றின் விலையினும் குறைவு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடற்காற்று வாங்கும் வீட்டுக்கும், மேற்கே வயல்வெளியில் கச்சானை நேரே ஏற்கும் வீட்டுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுப்பது எவ்வளவு பேதைமை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பியே காட்டி விடும்.

உபதேசம் செய்தவன் முதலிற் செய்து காட்ட வேண்டும் அல்லவா? மாணவன் இரண்டு வெப்பமானி தந்து விட்டுப் போனான். ஒன்று எழுவான்கரையில் என் சீற்றுக் கூரை வீட்டிலும், மற்றொன்று படுவான்கரையில் தாயாரின் மண்வீட்டிலும் தொங்குகின்றன. நாள்தோறும் இரண்டு மணிக்கு எழுதுவதென்பது ஏற்பாடு. அங்கே அயல்வீட்டுப் பிள்ளையொன்று எழுதுகின்றது. முதற் கிழமை முடிவிற் பார்த்தபோது என் வீடு 36 பாகையிலும் மண்வீடு 32 பாகையிலும் நின்றன. மாணவனுக்கு மகிழ்ச்சி, அவன் கணிப்பு ஒரு பாகைக்குள் ஒத்திருந்தது. இரண்டாங் கிழமை மண்வீட்டு எண் திடீரெனத் தாறுமாறாக ஏறி இறங்கியது. கருவி பழுதாயிற்றோ என்று எண்ணி, சனிக்கிழமை பாலத்தைக் கடந்து போனேன்.

வெப்பமானி சுவரில் இல்லை. வேப்பங் கிளையிலே, கிடுகுக் கட்டுக்கு மேலே, ஓலை நாரிற் கட்டப்பட்டுத் தொங்கியது.

“ஏன் அம்மா இதைக் கழற்றினீர்கள்?” என்றேன்.

“நான் இரிக்கிற இடத்துச் சூட்டத்தானே மனே நீங்க பாக்கணும்? உள்ளுக்குத் தொங்கவிட்டா, உள்ளுக்கு ஆரு இரிக்கா?” என்றார்.

கருவியை யான் மீண்டும் உள்ளே எடுத்துச் செல்லவில்லை. செய்தியை மாணவனுக்கு எழுதினேன். கணினியில் கூடம், படுக்கையறை, அடுக்களை என்று மூன்றுக்கே இடமிருக்கின்றது. வேப்பமரத்தடியை அவற்றுள் எந்த அறையில் சேர்ப்பது என்று கேட்டிருந்தேன். இன்னும் மறுமொழி வரவில்லை.